தண்டுவடமும் ஆணின் பாலியல் இயக்கமும்

கம்பியா, நிலையமா?

ஆணின் பாலியல் இயக்கம் மூளையில் தொடங்கி உறுப்பில் முடிவதாகவே பொதுவாக எண்ணப்படுகிறது. இடையில் உள்ள தண்டுவடம் செய்தியைக் கடத்தும் கம்பி என்ற அளவிலேயே நினைவுக்கு வருகிறது. ஆனால் விறைப்பு, விந்து திரளல், விந்து வெளித்தள்ளல் ஆகிய மூன்று செயல்களையும் நடத்தும் நரம்புச் சுற்றுகள் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கின்றன. எந்தத் தசை எப்போது தளர வேண்டும், எது எப்போது சுருங்க வேண்டும் என்ற ஒழுங்கு அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தூண்டுவதும் அடக்கிவைப்பதும் மூளையின் வேலை. மூளையோடு தொடர்பு அறுந்த பின்னும் இந்த ஒழுங்கு பெருமளவு நிலைத்திருப்பதே இதற்குச் சான்று.

வளர்ந்த ஆணின் தண்டுவடம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்புப் பகுதியில் 5, வால்பகுதியில் 1. ஓர் இணை நரம்பு கிளைக்கும் தண்டுவடத் துண்டு ஒரு கண்டம் எனப்படும். ஆணின் பாலியல் இயக்கத்துக்கு மூன்று இடங்கள் முக்கியமானவை. மார்பின் கடைசிக் கண்டங்களும் இடுப்பின் முதல் இரண்டு கண்டங்களும் சேர்ந்தது மேல் நிலையம். இடுப்பின் 3 முதல் 5 வரையிலான கண்டங்கள் நடு நிலையம். திருவெலும்பின் 2 முதல் 4 வரையிலான கண்டங்கள் கீழ் நிலையம்.

கண்டத்தின் எண்ணும் எலும்பின் எண்ணும் ஒன்றல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். முதுகெலும்புத் தொடரை விடத் தண்டுவடம் நீளம் குறைந்தது. இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே அது முடிந்துவிடுகிறது. எனவே திருவெலும்புக் கண்டங்கள் திருவெலும்புக்குள் இல்லை. மார்பின் கடைசி முள்ளெலும்பும் இடுப்பின் முதல் முள்ளெலும்பும் சேரும் இடத்துக்குப் பின்னால், தண்டுவடத்தின் கூம்பு நுனியில் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. முதுகில் எலும்பு முறிவு மிகுதியாக நேரும் இடங்களில் இதுவும் ஒன்று. அங்கே விரலளவு இடத்தில் ஏற்படும் சேதம் கீழ் நிலையம் முழுவதையும் அழித்துவிடக்கூடும்.

விறைப்பு: கீழ் நிலையத்தின் வேலை

1863இல் ஜெர்மானிய உடலியலாளர் கொன்ராட் எக்ஹார்ட் நாய்களின் திருவெலும்பு நரம்புகளை மின்சாரத்தால் தூண்டி விறைப்பை வரவழைத்தார். 1874இல் ஃபிரீட்ரிக் கோல்ட்ஸ் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியை மேற்பகுதியிலிருந்து துண்டித்த நாய்களிலும் விறைப்பு அனிச்சைச் செயலாக நிகழ்வதைக் காட்டினார். மூளையின் கட்டளை வராத நிலையிலும் கீழ்த் தண்டுவடம் தன் வேலையைச் செய்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த அனிச்சைச் சுற்று குறுகியது. ஆண்குறியின் மேற்புற நரம்பு தொடு உணர்வை ஏந்தி, புடெண்டல் நரம்பு வழியாகத் திருவெலும்புக் கண்டங்களுக்குள் நுழைகிறது. அங்குள்ள இடைநரம்பணுக்கள் அதைத் தன்னியக்க நரம்புகளின் ஒரு பிரிவான எதிர்ப்பரிவு நரம்பணுக்களிடம் ஒப்படைக்கின்றன. அவற்றின் இழைகள் இடுப்புக்குழி நரம்பாக வெளியேறி, புராஸ்டேட் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டிச் சென்று, ஆண்குறியின் பஞ்சு போன்ற இரு திசுத் தண்டுகளில் முடிகின்றன. இந்தக் கடைசிப் பாதையைத் துல்லியமாக வரைந்தவர்கள் அமெரிக்க அறுவை மருத்துவர் பேட்ரிக் வால்ஷும் நெதர்லாந்தின் பீட்டர் டொங்கரும். 1982இல் அவர்களின் கண்டறிதலை ஒட்டி, புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை அகற்றும்போது அந்த நரம்புகளைக் காக்கும் அறுவை முறை உருவானது. அதற்கு முன் அந்த அறுவைக்குப் பின் விறைப்பு இழப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்ந்தது.

நரம்பு நுனியில் வெளிவரும் முதன்மைச் செய்தியாளர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. அது மென்தசை அணுக்களுக்குள் சென்று சுழல் ஜிஎம்பி என்ற பொருளைப் பெருக்குகிறது, அணுவில் கால்சியம் குறைகிறது, தசை தளர்கிறது. தமனிகள் விரிய, பஞ்சுத் திசுவின் அறைகளில் இரத்தம் நிரம்புகிறது. வீங்கும் திசு தன்னைச் சூழ்ந்த உறுதியான உறைக்கு எதிராகச் சிறு சிரைகளை நசுக்கிவிடுவதால் இரத்தம் வெளியேறும் வழி அடைபடுகிறது. வரத்துக்கால் திறந்து மடை மூடிய ஏரியின் நிலை இது. செயல் முடிந்ததும் தன்னியக்க நரம்புகளின் மற்றொரு பிரிவான பரிவு நரம்புகள் நோரெபினெஃப்ரினைச் சுரந்து தசையை மீண்டும் சுருங்கச் செய்கின்றன, மடை திறக்கிறது. சாதாரண நேரங்களில் உறுப்பு தளர்ந்திருப்பதும் இந்த ஓயாத பரிவுச் சுருக்கத்தால்தான்.

1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் வேலை செய்கிறது. சுழல் ஜிஎம்பியைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. ஆனால் நரம்பு நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டால்தான் காக்கப்படுவதற்குச் சுழல் ஜிஎம்பி இருக்கும். தண்டுவடத்திலிருந்து செய்தியே வராத இடத்தில் அந்த மாத்திரைக்குச் செய்ய அதிகம் இல்லை. நைட்ரிக் ஆக்சைடு உடலில் செய்தி கடத்தும் மூலக்கூறு என்று நிறுவியதற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் அதே 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது பாதை

தொடுகையால் எழும் விறைப்பு ஒருவகை. பார்வை, குரல், மணம், நினைவு, கற்பனை ஆகியவற்றால் எழும் விறைப்பு மற்றொரு வகை. பின்னதற்குச் செய்தி மூளையிலிருந்து இறங்கிவர வேண்டும். அது கீழ் நிலையத்தை மட்டுமல்லாமல் மேல் நிலையத்தையும் பயன்படுத்தக்கூடியது. மார்பின் 11ஆம் கண்டம் முதல் இடுப்பின் 2ஆம் கண்டம் வரை உள்ள பரிவு நரம்பணுக்கள் பொதுவாக விறைப்பை அடக்குபவை. ஆனாலும் திருவெலும்புக் கண்டங்கள் அழிந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த மேல்வழியாகவே விறைப்பு வருகிறது.

இரு பாதைகளும் தனித்தனியானவை என்பதற்குக் காயமுற்ற மனிதர்களே சான்றளித்தனர். 1960இல் எர்னஸ்ட் போர்ஸும் எஸ்ட்டின் கோமாரும் தண்டுவடம் காயமுற்ற 529 பேரை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். திருவெலும்புக் கண்டங்களுக்கு மேலே முழுமையாகத் துண்டிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொடுகையால் விறைப்பு வந்தது. திருவெலும்புக் கண்டங்களே முழுமையாக அழிந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நினைவின் வழியாக மட்டும் வந்தது. முதல் பிரிவினருக்கு அந்த விறைப்பு தெரிவதே இல்லை. உணர்வு மூளையை எட்டாததால் கண்ணால் பார்த்தே அறிகின்றனர்.

உறக்கத்தில் வரும் விறைப்பு மூன்றாவது வகை. நலமான ஆணுக்கு இரவில் மூன்று முதல் ஐந்து முறை, கனவுகள் மிகும் விரைவிழி உறக்கத்தின்போது அது நிகழ்கிறது. அதற்கு ஆசையோ தொடுகையோ காரணம் அல்ல. தூக்கத்தில் வருவது விழிப்பில் வராமல் போனால், நரம்பும் இரத்தக் குழாயும் பழுதுபடவில்லை, மனச்சுமையே தடை என்று மருத்துவர் ஊகிக்க இது உதவுகிறது.

ஓனுஃப் கரு

கீழ் நிலையத்தில் எதிர்ப்பரிவு நரம்பணுக்களோடு ஒரு சிறு இயக்க நரம்பணுத் திரளும் இருக்கிறது. 1899இல் அதை விவரித்த பிரானிஸ்வாவ் ஓனுஃப்ரோவிச்சின் பெயரால் அது ஓனுஃப் கரு எனப்படுகிறது. ஆண்குறியின் அடித்தண்டைச் சூழ்ந்த தசைகளையும், மலவாய், சிறுநீர்க்குழாய் ஆகியவற்றின் இறுக்குத்தசைகளையும் இயக்குவது இதுதான். முழு விறைப்பின்போது அடித்தண்டுத் தசைகள் சுருங்குவதால் பஞ்சுத் திசுவின் அழுத்தம் உடலின் இரத்த அழுத்தத்தையும் மிஞ்சுகிறது. விந்தைப் பீச்சுவதும் இதே தசைக் கூட்டம்தான்.

இக்கரு நோய்களிலும் தனித்தன்மை காட்டுகிறது. மற்ற இயக்க நரம்பணுக்களை ஒவ்வொன்றாக அழிக்கும் இயக்க நரம்பணு நோயில் இது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. கைகால் அசைக்க முடியாத நிலையிலும் அந்நோயாளிகள் சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடிவதன் காரணம் இதுவே. தன்னியக்க நரம்புகளைச் சிதைக்கும் பல்தொகுதிச் சிதைவு நோயில் இதற்கு நேர்மாறாக இக்கரு முன்கூட்டியே பாதிக்கப்படுகிறது; நடுக்கமோ தள்ளாட்டமோ தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைவும் சிறுநீர்க் கோளாறும் தலைகாட்டலாம்.

எலியில் இதற்கு இணையான கருவை மார்க் பிரீட்லவும் ஆர்த்தர் ஆர்னால்டும் 1980இல் விவரித்தனர். ஆண் எலியில் அங்கு ஏறத்தாழ 200 நரம்பணுக்கள். பெண் எலியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். பிறப்பை ஒட்டிய நாள்களில் டெஸ்டோஸ்டிரோன் கிடைத்தால் அந்த நரம்பணுக்கள் பிழைக்கின்றன, கிடைக்காவிட்டால் மடிகின்றன. ஹார்மோன் மூளையை மட்டுமல்ல, தண்டுவடத்தின் அமைப்பையே வடிக்கிறது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

விந்து வெளியேற்றம்: இரு கட்டங்கள்

விறைப்பு நேரம் எடுத்து வளர்ந்து, தளர்ந்து, மீளக்கூடியது. விந்து வெளியேற்றமோ தொடங்கிய பின் நிறுத்த முடியாதது. அதில் இரு கட்டங்கள் உண்டு. முதற்கட்டமான திரளலை மேல் நிலையம் நடத்துகிறது. பரிவு நரம்புகளின் தூண்டலால் விந்துக்குழாய், விந்துப்பைகள், புராஸ்டேட் ஆகியவை சுருங்கித் தம் சுரப்புகளைச் சிறுநீர்க்குழாயின் பின்பகுதியில் சேர்க்கின்றன. அதே வேளையில் சிறுநீர்ப்பையின் கழுத்து இறுக மூடிக்கொள்கிறது. இரண்டாம் கட்டமான வெளித்தள்ளலைக் கீழ் நிலையத்தின் ஓனுஃப் கரு நடத்துகிறது. அடித்தண்டுத் தசைகள் ஏறத்தாழ 0.8 விநாடிக்கு ஒருமுறை தாளமாகச் சுருங்கி விந்தை வெளியேற்றுகின்றன.

சிறுநீர்ப்பையின் கழுத்து மூடாவிட்டால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். நீண்டகால நீரிழிவு பரிவு நரம்புகளைக் கெடுப்பதாலும், புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்ற மருந்துகள் கழுத்துத் தசையைத் தளர்த்துவதாலும், புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் அறுவையாலும் இது நேர்கிறது. உச்ச உணர்வு இருக்கும்; விந்து வெளியே வராது. விந்தகப் புற்றுக்காக வயிற்றின் பின்சுவரில் உள்ள நிணமுடிச்சுகளை அகற்றும்போது அங்கு ஓடும் பரிவு இழைகள் அறுந்தால் திரளலே நின்றுவிடக்கூடும்.

நடு நிலையம்: ஒத்திசைப்பவர்

மேல் நிலையமும் கீழ் நிலையமும் பல கண்டங்கள் தள்ளி இருப்பவை. ஒன்று பரிவு நரம்பு, மற்றொன்று எதிர்ப்பரிவும் இயக்க நரம்பும். இவை வரிசை பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாக இயங்க வேண்டுமானால் இரண்டையும் கேட்டு நடத்தும் ஒரு மையம் வேண்டும். 2002இல் வில்லியம் டுரூயிட், லிக் கூலன் இருவரும் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அதை எலியின் இடுப்புக் கண்டங்கள் 3, 4இல் அடையாளம் காட்டியது. தண்டுவடத்தின் நடுக்கால்வாயை ஒட்டி, காலனின் என்ற புரதத் துணுக்கைச் சுரக்கும் நரம்பணுக்களின் சிறு கூட்டம் அது.

அதை அறிந்த வழி எளிமையானது. நரம்பணு அண்மையில் இயங்கியதற்கு அடையாளமாக அதன் கருவில் ஃபாஸ் என்ற புரதம் தோன்றும். ஆண் எலி புணர்ச்சியில் ஈடுபட்டும் விந்து வெளியேறாதபோது இந்த நரம்பணுக்களில் ஃபாஸ் தோன்றவில்லை. விந்து வெளியேறிய பின்பே தோன்றியது. அடுத்து, இந்த அணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியைக் குறிவைத்து ஒரு நச்சுப் புரதத்தைச் செலுத்தி அவற்றை மட்டும் அழித்தனர். அந்த எலிகள் பெண் எலியை நாடின, ஏறின, புணர்ந்தன. விந்து மட்டும் வெளியேறவில்லை. ஆசையும் விறைப்பும் ஒரு சுற்றில், விந்து வெளியேற்றம் மற்றொரு சுற்றில் என்பது இதனால் நிலைப்பட்டது.

இந்த நரம்பணுக்கள் மூன்று திசையில் இழைகளை அனுப்புகின்றன: மேல் நிலையத்தின் பரிவு நரம்பணுக்களுக்கு, கீழ் நிலையத்துக்கு, மூளையின் தலாமஸுக்கு. முதல் இரண்டும் செயலை நடத்த. மூன்றாவது, செயல் நடந்ததை மூளைக்குத் தெரிவிக்க. இதனால் அவற்றுக்கு இடுப்பு–தலாமஸ் நரம்பணுக்கள் என்ற பெயரும் உண்டு. பெண் எலிகளில் இவை குறைவு.

மனிதனில் இதற்கு இணையானது உண்டா என்ற கேள்விக்குப் பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2017இல் விடை தந்தனர். இறந்தோரின் தண்டுவடங்களை ஆராய்ந்ததில் இடுப்புக் கண்டங்கள் 3 முதல் 5 வரை காலனின் நரம்பணுக்கள் காணப்பட்டன. ஆண்களில் அவை பெண்களைவிட மிகுதி. தண்டுவடம் காயமுற்ற நூற்றுக்கணக்கான ஆண்களின் மருத்துவப் பதிவுகளும் ஒத்துப்போயின. அந்த மூன்று கண்டங்கள் சிதைந்தவர்களுக்கு, ஆண்குறியின் மொட்டை அதிர்வுக் கருவியால் தூண்டியும் விந்து வெளியேறவில்லை.

மேலிருந்து வரும் தடை

தண்டுவடம் இவ்வளவும் தானே செய்யுமெனில், அன்றாட வாழ்வில் அது கண்டபடி இயங்காதது ஏன்? மூளைத்தண்டிலிருந்து தடை இறங்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம். கெவின் மெக்கெனா, லெஸ்லி மார்சன் இருவரும் மயக்கமூட்டப்பட்ட எலிகளில் இதை ஆராய்ந்தனர். சிறுநீர்க்குழாயைத் திரவத்தால் விரித்தால், தண்டுவடம் முழுமையாக இருக்கும் எலியில் எதுவும் நிகழ்வதில்லை. தண்டுவடத்தை மேலே துண்டித்ததும் அதே தூண்டலுக்கு விறைப்பு, தசைச் சுருக்கம், விந்து வெளியேற்றம் எல்லாம் வரிசையாக வந்தன. முகுளத்தில் உள்ள பாராஜைகாண்டோசெல்லுலார் கருவை மட்டும் அழித்தபோதும் அதே விளைவு. அந்தக் கருவிலிருந்து கீழ்த் தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பணுக்களில் பெரும்பாலானவை செரோடோனினைச் சுரப்பவை.

ஓடும் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவரின் வேலையைச் செரோடோனின் செய்கிறது எனலாம். மனச்சோர்வுக்கான பல மருந்துகள் செரோடோனினை மிகுதியாக்குகின்றன. அவற்றை உட்கொள்வோரில் பலருக்கு விந்து வெளியேற நெடுநேரம் ஆகிறது. அதே விளைவே விரைவில் விந்து வெளியேறுவதற்குச் சிகிச்சையாகவும் ஆகியிருக்கிறது. தடைக்கு எதிர்ப்பக்கத்தில் ஹைபோதலாமஸின் பக்கக்கால்வாய்க் கருவிலிருந்து ஆக்சிடோசினைச் சுரக்கும் இழைகள் கீழ்த் தண்டுவடம் வரை இறங்கி விறைப்பைத் தூண்டுகின்றன.

தடை அறுவதன் விளைவை எகிப்தியர் மிகப் பழங்காலத்திலேயே குறித்துவைத்தனர். ஏறத்தாழ கிமு 1600இல் படியெடுக்கப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸின் 31ஆம் நோயாளி கழுத்து முள்ளெலும்பு பிசகியவர், கைகால் உணர்வு இழந்தவர், சிறுநீர் தானே சொட்டுகிறது, குறி விறைத்திருக்கிறது. சிகிச்சைக்கு உட்படாத நோய் என்று அந்தச் சுவடி அதை வகைப்படுத்துகிறது. இன்றும் விபத்தில் சிக்கியவருக்கு இத்தகைய விறைப்பு காணப்பட்டால், கழுத்துத் தண்டுவடம் கடுமையாகச் சேதமுற்றிருக்கலாம் என்று அவசரப் பிரிவினர் எச்சரிக்கை அடைகின்றனர்.

காயத்தின் இடமும் எஞ்சும் திறனும்

சாலை விபத்திலும், பனையோ தென்னையோ ஏறும்போதும், கட்டடச் சாரத்திலிருந்தும் விழுந்து தண்டுவடம் முறிபவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களுக்கு எது எஞ்சும் என்பதை மூன்று நிலையங்களின் படமே சொல்லிவிடுகிறது. கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ முழுமையாகத் துண்டிக்கப்பட்டால் மூன்று நிலையங்களும் சேதமின்றி, மூளையோடு மட்டும் தொடர்பற்று இருக்கும். தொடுகையால் விறைப்பு வரும், கற்பனையால் வராது. இடுப்பின் 2ஆம் கண்டத்துக்குக் கீழே காயமானால் கற்பனையால் ஓரளவு வரலாம். திருவெலும்புக் கண்டங்கள் அழிந்திருந்தால் தொடுகையால் வராது.

படுக்கையருகில் இதை அறிய ஒரு சோதனை உண்டு. ஆண்குறியின் மொட்டை மெல்ல அழுத்தினால் மலவாயின் இறுக்குத்தசை சுருங்க வேண்டும். சுருங்கினால் திருவெலும்பின் 2 முதல் 4 வரையிலான கண்டங்களின் சுற்று உயிரோடு இருக்கிறது. காயத்துக்குப் பின் சில நாள்களோ வாரங்களோ தண்டுவடம் அதிர்ச்சியில் உறைந்திருக்கும். அப்போது இந்த அனிச்சை காணாமல் போவதை மட்டும் கொண்டு முடிவு சொல்லக் கூடாது.

விறைப்பு எஞ்சியவர்களில் பலருக்கும் விந்து தானாக வெளியேறுவதில்லை. மூன்று நிலையங்களையும் ஒத்திசைக்கச் சாதாரணத் தொடுகை போதாது. 1994இல் டென்மார்க்கின் ஜென்ஸ் சோன்க்சனும் உடன் ஆய்வாளர்களும், மொட்டின் மீது விநாடிக்கு 100 முறை, 2.5 மில்லிமீட்டர் வீச்சில் அதிரும் கருவி சிறந்த பலன் தருவதைக் காட்டினர். மார்பின் 10ஆம் கண்டத்துக்கு மேல் காயமுற்றவர்களில் பெரும்பாலோருக்கு இது பயன்படுகிறது. பயன்படாதவர்களுக்கு மலக்குடல் வழியாக மின்தூண்டல் செய்யப்படுகிறது. கிடைக்கும் விந்தில் உயிரணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் போதுமானதாக இருந்தும் அவற்றின் அசைவு குறைவாக இருக்கும். ஓர் உயிரணுவையே முட்டைக்குள் செலுத்தும் முறை வந்தபின் அதுவும் தந்தையாவதற்குத் தடையாக இல்லை.

ஓர் ஆபத்து உண்டு. மார்பின் 6ஆம் கண்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்குக் கீழ்ப்பகுதியில் வரும் வலுவான தூண்டல் பரிவு நரம்புகளைக் கட்டுக்கடங்காமல் கிளப்பிவிடும். அதை அடக்க மூளையின் கட்டளை இறங்கிவர வழியில்லை. இரத்த அழுத்தம் திடீரென ஏறும். தலை பிளப்பதுபோல் வலிக்கும். முகம் சிவந்து வியர்க்கும். மூளையில் இரத்தக்கசிவு வரை போகலாம். உடனே தூண்டலை நிறுத்தி, நோயாளியை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். எனவே முதல் அதிர்வுச் சிகிச்சை இரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் மருத்துவமனையிலேயே நடக்க வேண்டும். இந்த அழுத்தத்தைத் தணிக்க நைட்ரேட் மருந்து தருவது வழக்கம். சில்டெனாஃபில் உட்கொண்டவருக்கு அதைத் தந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். எந்த மாத்திரை எப்போது விழுங்கப்பட்டது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய இடம் இது.

2004இல் கிம் ஆண்டர்சன் தண்டுவடம் காயமுற்ற 681 பேரிடம், எந்தத் திறன் மீண்டால் வாழ்க்கை மிகவும் மேம்படும் என்று கேட்டு முடிவை வெளியிட்டார். கழுத்தில் காயமுற்றவர்கள் கைகளின் இயக்கத்தை முதலில் வைத்தனர். கால்கள் மட்டும் செயலிழந்தவர்கள் முதலில் வைத்தது நடையை அல்ல, பாலியல் இயக்கத்தை. மறுவாழ்வு மையங்களில் நடைப்பயிற்சிக்கும் சிறுநீர்ப்பைப் பராமரிப்புக்கும் நேரம் ஒதுக்கப்படுகிறது. திருவெலும்பு அனிச்சையைச் சோதிக்கவும், காயத்தின் மட்டத்தை வைத்து எது எஞ்சியிருக்கிறது, எதை மருந்தாலோ கருவியாலோ மீட்கலாம் என்று நோயாளிக்கும் அவர் மனைவிக்கும் எடுத்துச் சொல்லவும் அரை மணி நேரம் போதும்.